ஜியாமெட்ரி டப்பாவுக்குள் ஓர் உறுமல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆயர் குரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. மேசையின் ஒரு முனையில் நான் எழுதுவேன். மறுமுனையில் என் மனைவி தேவமலர் மூன்று வாரமாக ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு ஃபஸ் பெடல் செய்தாள். வாசிப்பவரின் காலடியில், கிட்டாருக்கும் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் கிடக்கும் சின்னப் பெட்டி அது. சுவிட்சைக் காலால் மிதித்தால் கிட்டார் கரகரத்து உறுமத் தொடங்கும். மறுபடி மிதித்தால் பழையபடி சாதுவாகிவிடும்.

பெடல் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது. மலருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லத்தான் துணிச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடலை எடுத்துக்கொண்டு நியாலாஸ் போகிறோம். இன்று வியாழன். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.*

* நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. "மாஸ்டர் எப்பப் பாத்தாலும் பிரேக்தான் போடுவாரு, 'மிதி'ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். இது கதைக்குத் தேவையா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. இருக்கட்டும்.

2

இரண்டு வாரத்துக்கு முன் எழுதிய முதல் தொடக்கம் இது:

'செர்காம் கடலோரத்தில், படகுகள் கரையேறும் வேளையில், நிவேந்திரன் தன் முதல் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்தபோது அலைகளும்'

அலைகளும் என்ன செய்தன என்பது எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். நிவேந்திரனுக்கு இருபத்தாறு வயது, சுருட்டை முடி, நிறையக் கனவுகள். ஃபஸ் பெடல் செய்பவன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் மலர்தான். இந்த வட்டாரத்துத் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரச்சோதனை செய்கிறாள். சர்க்யூட் பலகையில் பழுது இருந்தால் அந்த இடத்தைக் காட்ட அவர்களிடம் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும், அரிசி அளவில். அதில் ஒரு கட்டு எப்போதும் எங்கள் வீட்டில் கிடக்கும். என் கதைகளுக்கும் அதே ஸ்டிக்கர்தான். ஏன் ஒட்டினாள் என்று எழுதமாட்டாள். அம்பு காட்டும் இடத்தை நான்தான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிவேந்திரன் மேல் பதினொரு அம்பு பாய்ந்திருந்தது.

"செர்காமுக்கு நீங்க சுட்ட மீன் திங்கத்தானே போயிருக்கீங்க?" என்றாள். "யாரு இந்தப் பையன்? இவனுக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாதா?"

நிவேந்திரனைக் கடலோரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். [அவன் முடி நன்றாக இருந்தது. அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.]

3

அவன் போன பிறகு உண்மையான ஆளைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அவன் யுகேந்திரன். மலரின் ஒரே தம்பி, எனக்கு மச்சான், என் மகள் தாரணிக்குத் தாய்மாமன். நியாலாஸில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். சனி, ஞாயிறுகளில் நான்கு பேர் சேர்ந்த ஒரு பேண்டில் கிட்டார் வாசிப்பான்.

தன் ஃபஸ் பெடலை அவனே செய்துகொண்டான். தகர ஜியாமெட்ரி டப்பா ஒன்றுக்குள், யாரோ தூக்கிப் போட்ட ரேடியோவிலிருந்து எடுத்த இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்து, மேலே ஒரு சுவிட்சும் இரண்டு திருகும் பொருத்தியிருந்தான். அதன் சத்தத்தை 'புலியின் உறுமல்' என்று எழுதி அடித்துவிட்டேன், நான் புலி உறுமிக் கேட்டதில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது உள்ளேயிருந்து ஒருவர் உரக்கப் பாடினால் எப்படிக் கேட்குமோ, கிட்டத்தட்ட அப்படி இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் தாரணியின் இருபத்தொன்றாவது பிறந்தநாள். ஜாசினில் ஒரு டேவான் மண்டபத்தில் வைத்தோம். இருபத்தொரு வயதுக்கென்று சாவி வடிவத்தில் கேக், முந்நூறு விருந்தாளிகள், மேடையில் மாமனுடைய பேண்ட். கேக் வெட்டியதும் யுகேந்திரன் மருமகளுக்காகவே தயார் செய்திருந்த ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்கினான். நடுவில் பெடலை மிதித்தான். டேவான் முழுக்க உறுமியது. மலருக்கு அது பழுதான மெஷினின் சத்தமாகத்தான் கேட்டது. அவளாகவே எழுந்து போய் மேடையோரத்தில் இருந்த ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். வயர் இழுபட்டுப் பெடல் மேடையிலிருந்து கீழே விழுந்தது. கூட்டத்தில் யாரோ அதை மிதித்துவிட்டார்கள்.

பிளக்கைக் கையில் பிடித்தபடி அவள் தம்பியிடம் சொன்னாள்: "பயப்படாதடா, உன் மெஷின் ரோசாக் ஆயிருச்சு. அக்கா ஆஃப் பண்ணிட்டேன்."

சத்தம் நின்றிருந்ததால், மெஷின் கெட்டுவிட்டது என்று அவள் சொன்னது முந்நூறு பேருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். யுகேந்திரன் கிட்டாரை உறையில் போட்டு, தாரணியின் தலையைத் தொட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். நசுங்கிய டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அக்காவுடன் பேச்சு இல்லை. இரண்டு தீபாவளிக்கும் வரவில்லை.

அடுத்த மாதம் தாரணிக்குக் கல்யாணம். மாலை போட்டு அவளை மணவறைக்கு அழைத்துவர வேண்டியவன் தாய்மாமன். சொந்தக்காரர்கள் மலரின் பெரியம்மா மகன் ஒருவரைக் காட்டி, முறைக்கு அவரும் மாமன்தானே, அவர் போடட்டும் என்றார்கள். தாரணி அதிகம் பேசவில்லை. "யுகா மாமா வரலன்னா நான் தனியாவே நடந்து வந்து உக்காந்துக்குவேன்" என்றாள். தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்காமல் வேறு யாருக்கும் வைக்கமாட்டேன் என்று மலரும் நின்றுவிட்டாள். முந்நூற்றைம்பது கல்யாணப் பத்திரிகைகள் ஃபிரிட்ஜின் மேல் தூசி வாங்கிக்கொண்டிருக்கின்றன.

வெறும் பத்திரிகையோடு தம்பி வாசலில் போய் நிற்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அலமாரியிலிருந்து நசுங்கிய டப்பாவை எடுத்தாள்.

4

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கதை கெட்டாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் நீட்டுவேன்.

டப்பாவைத் திறந்ததும் மூடியின் உட்புறத்தில் காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள் தெரிந்தன: 'தாரணி, 4 மல்லிகை.' தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படித்தபோது அவள் வைத்திருந்த டப்பா அது. மாமன் எப்போது கேட்டு வாங்கினானோ, எங்களுக்குத் தெரியாது. மலர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சால்டரிங்கப் பாருங்க, காக்கா எச்சம் மாதிரி வச்சிருக்கான்" என்றாள். அவள் அழாமல் இருப்பதற்குக் கையாளும் வழி இது.

முதல் வாரம் எல்லா இணைப்புகளையும் சுரண்டி எடுத்துப் புதிதாக ஈயம் வைத்தாள். ஒவ்வொன்றும் சின்ன வெள்ளி மலை போலப் பளபளத்தது. இரண்டாம் வாரம் பழைய டிரான்சிஸ்டர்களை அளந்தாள். மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் இரண்டிலும் கரண்ட் கசிகிறது என்று கண்டுபிடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே 'ரிஜெக்ட்' என்று எழுதி, தேதியும் போட்டாள். புதிதாக இரண்டு வாங்கிப் பொருத்தினாள். மூன்றாம் வாரம் கையடக்க ஸ்கோப் ஒன்று வந்தது. உள்ளே போகும் சத்தமும் வெளியே வரும் சத்தமும் எப்படி இருக்கின்றன என்று திரையில் அலையாகக் காட்டும் கருவி அது.

உள்ளே அழகாக வளைந்து போன அலை, வெளியே வரும்போது தலை தட்டையாக வெட்டுப்பட்டு வந்தது.

"இங்க பாருங்க," என்றாள், டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுவதுபோல. "அடிப்படையிலேயே தப்பு. பாவம், புள்ளைக்கு யாரும் சொல்லித் தரல."

நாற்பத்து நான்கு வயதுப் பிள்ளை. ஒரு ரெசிஸ்டரை மாற்றினாள். தலை கொஞ்சம் வளைந்தது. இன்னொன்றை மாற்றினாள். வேலைக்குப் போய் வந்து, குளித்து, விளக்கேற்றி, மறுபடியும் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது மாற்றத்தில் வெளியே வந்த அலை உள்ளே போன அலையைப் போலவே முழுசாக வளைந்து நின்றது. கையைக் கழுவிவிட்டு வந்து என் தோளைத் தட்டினாள்.

நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அலையின் தலை வெட்டுப்படுவதுதான் அந்த உறுமல். அதற்காகத்தான் அந்தப் பெட்டியே. உலகத்தில் ஃபஸ் பெடல் செய்த எத்தனையோ பேர் எத்தனையோ தப்புகள் செய்திருப்பார்கள். கடைசி வரை விடாமல் போராடி, அதிலிருந்து ஃபஸ்ஸை முற்றிலும் நீக்கியவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

5

என்னிடம் கார் ஓட்டக் கற்கும் ஒரு பெண்ணிடமிருந்து கிட்டாரும் சின்ன ஆம்ப்பும் இரவல் வாங்கி வந்தேன். மலர் பெடலை இணைத்து ஒரு கம்பியை மீட்டினாள். சுவிட்சை மிதித்தாள். அதே சத்தம்தான், கொஞ்சம் பெரிதாக வந்தது. சுத்தமாக, கணீரென்று.

"கோயில் மணியாட்டம் இருக்குல்ல?" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தாரணியின் தோழி ஷாந்தினி அன்று பிறந்தநாளில் ஒரு நிமிட வீடியோ எடுத்திருந்தாள். அதை நான் பல முறை போட்டுப் பார்த்தேன். யுகேந்திரனின் சத்தமும் மலரின் பெடலும் ஒரே ஊரைச் சேர்ந்தவையே அல்ல. [வீடியோவில் கூட்டத்தின் பேச்சு எதுவும் தெளிவாகக் கேட்காது. கிட்டார் மட்டும்தான்.]

இதை அவன் வாங்கி மாட்டி மிதித்துப் பார்த்தால் என்ன நினைப்பான்? முதல் தடவை அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டாம் தடவை நிதானமாக, மூன்று வாரம் செலவழித்து, ஈயம் வைத்தே வாயை அடைத்துவிட்டாள் என்றுதான் நினைப்பான். பிறகு பத்திரிகையை எந்தக் கையால் வாங்குவான்?

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயெடுத்தேன். ஒரு முறை அவள் அந்த டப்பாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை தாரணியிடம் போனில், "மாமாவோடத நல்லா ஆக்கிட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் என் கால் தானாக பிரேக்கைத் தேடியது.

6

முடிவுகள்.

யுகேந்திரன் பெடலை மிதிக்கிறான். சுத்தமான சத்தம் வருகிறது. அவன் அக்காவைப் பார்க்கிறான், டப்பாவைப் பார்க்கிறான், வயிறு குலுங்கச் சிரிக்கிறான். அக்காவும் சிரிக்கிறாள். எல்லோரும் தோசை

வேண்டாம். தோசையோடு முடியும் கதையை நானே நம்பமாட்டேன்.

இன்னொன்று. அவன் மிதிக்கிறான், கேட்கிறான், "நல்லா இருக்குக்கா" என்கிறான். பத்திரிகையை வாங்கிக்கொள்கிறான். கல்யாணத்துக்கு வந்து மாலையும் போடுகிறான். டப்பாவை வீட்டில் டிவி மேல் வைக்கிறான், அதற்குப் பிறகு அவன் கிட்டாரைத் தொடுவதே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது. எங்கள் குடும்பங்களில் அதிகமாக நடப்பது இதுதான். இதை எழுதிவிட்டு எனக்கு ராத்திரி முழுக்க மனசு சரியில்லை.

மூன்றாவதில் அவன் வீட்டு கேட்டையே திறப்பதில்லை. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டதால், இதுவரை எழுதியதை வெள்ளிக்கிழமை காலை அச்செடுத்து, மலரின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

7

மதியம் திரும்பி வந்தேன். தாள்கள் மேசைமேல் இருந்தன. முப்பது அம்பாவது இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இருந்தது ஒன்றே ஒன்று.

அது பெடல் பகுதியில் இல்லை. தலை வெட்டுப்பட்ட அலை மேல் இல்லை, தோசை மேலும் இல்லை. மூன்றாம் பகுதியில், டேவானில், 'அவளாகவே எழுந்து போய்' என்ற இடத்தில், 'அவளாகவே' என்ற சொல்லைக் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் பென்சிலால் 0:41 என்று எழுதியிருந்தது. அவள் அம்புக்குப் பக்கத்தில் எதையும் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீடியோவில் நாற்பத்தோராவது நொடி. ஷாந்தினிக்குப் பின்னால் நின்றிருந்தவன் நான். கிட்டார் உறுமத் தொடங்கியதும் என் குரல் தெளிவாகக் கேட்கும்: "மலர், என்னமோ கெட்டுப்போச்சு. போய் ஆஃப் பண்ணு, மானம் போவுது."

அவள் அப்போதும் எழவில்லை. "போம்மா" என்று மறுபடி சொல்கிறேன். அதன் பிறகுதான் எழுந்தாள்.

இதை உங்களிடம் மறைத்தேன். அடைப்புக்குறிக்குள் ஒரு பொய்யும் எழுதி வைத்தேன். என் மனைவி பெடலுக்குச் செய்ததைவிடச் சுத்தமாக, என் பங்கை இந்தக் கதையிலிருந்து நீக்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதில், சொந்த வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் தலை நிமிர முடியாமல் நின்றேன்.

மலர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"சொன்னது உங்க வாயி, கேட்டது என் காது. தெரியாம எப்படி இருக்கும்?" என்றாள். "மறந்துட்டேன்னு சொல்வீங்கன்னுதான் நேரத்தப் போட்டேன்."

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"என்மேல கோவம்னா என்னைக்காச்சும் பேசிருவான், அக்காதானே. உங்கமேல கோவம்னா இந்த வாசப்படி மிதிக்கமாட்டான்லா. மச்சான் மாப்பிள்ளை சண்டை தாரணி கல்யாணத்துல வந்து நிக்கும். அதான், என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

இரண்டு வருடம். இரண்டு தீபாவளிக்கும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே முறுக்கு சுட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் தின்றேன். [இங்கே ஒரு நல்ல வாக்கியம் வர வேண்டும். என்னிடம் இல்லை.]

8

பெடலைப் பற்றி அவள் கோபிக்கவே இல்லை. கைகழுவி வந்து, வீடியோவை ஹெட்ஃபோனில் இரண்டு தடவை கேட்டாள். "அவனுக்கு இதுதான் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

தரச்சோதனைக்காரர்கள் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள். 'ரிஜெக்ட்' பை இழுப்பறையிலேயே இருந்தது. ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினாள். ஒரு டிரான்சிஸ்டரின் கால் ஒடிந்திருந்தது. அதற்கு மெல்லிய கம்பியால் கால் வைத்தாள். ஸ்கோப்பை மாட்டினாள். அலையின் தலை வெட்டுப்பட்டுக் கோணலாக நின்றது.

"கண்ணால பாக்க முடியல," என்று சொல்லி ஸ்கோப்பை அணைத்துவிட்டாள்.

பிறகு கிட்டாரை மாட்டி, மிதித்து, ஒரு கம்பியை இழுத்தாள். கண்ணாடி அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, என்ன மலர், பிளெண்டர் கெட்டுப்போச்சா என்று கேட்டார்.

மலர் ஜன்னலருகே போனாள். "இல்லக்கா," என்றாள். "இது இப்படித்தான்."

9

யுகா, இதுவரை 'நீங்கள், நீங்கள்' என்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். இனி உன்னோடு.

நாளை ஞாயிறு. தாம்பூலத் தட்டையும் பத்திரிகையையும் அக்கா உன் கையில் கொடுப்பாள். இந்தத் தாள்களை நான் கொடுப்பேன். இதுவரை படித்திருந்தால், அன்று உன்னை நிறுத்தச் சொன்னது யார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். உன் கோபத்தில் பாதி இரண்டு வருடமாகத் தப்பான ஆள் கணக்கில் இருக்கிறது. முழுவதையும் என் பக்கம் திருப்பிவிடு. மன்னித்துவிடு என்று நேரில் சொல்வேன். வாய் வராவிட்டால் இதோ, எழுதிவிட்டேன்.

நான் எழுதிய மூன்று முடிவுகளையும் உன் அக்கா ஒதுக்கிவிட்டாள். "அவன் என்ன செய்வான்னு நாம எழுதக்கூடாது" என்றாள். அதனால் இதற்கு மேல் என்னிடம் கதை இல்லை. தாரணிக்கு மாலை போடுவாயா, கேட்டைத் திறப்பாயா என்பதெல்லாம் நீ எழுத வேண்டியது.

டப்பாவின் மூடி இன்னும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கிறது. தட்டி நிமிர்த்தினால் உள்ளே தாரணியின் பெயர் கெட்டுவிடும் என்று மலர் விடவில்லை. பேட்டரி புதிது. ஆம்ப்பை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள். அக்கா உனக்கு எதிரில் உட்கார்ந்து கேட்பாள். நான் பிளக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன், யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள. என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

மிதி, மச்சான்.